ஊஸ் ஆற்றில் ஒரு நாமக்கோழி

கேம்பிரிட்ஜ்ஷயருக்குக் குடிவந்த முதல் மாதம், ஹெமிங்ஃபோர்டு புல்வெளியைத் தாண்டி கிரேட் ஊஸ் ஆற்றங்கரைக்குப் போனேன். நாணல் மறைவிலிருந்து கறுப்பாக ஒரு பறவை நீந்தி வந்தது. நெற்றியில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை. "நாமக்கோழி!" என்று கத்தியேவிட்டேன். நாயோடு நடந்துகொண்டிருந்த அம்மையார் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அது 'கூட்'. எனக்கோ, எங்கள் ஊர் ஏரியில் மார்கழி முழுக்கப் பார்த்த கோழி.

அதன்பிறகு சாம்பல் நாரை, தாழைக்கோழி என்று ஒவ்வொன்றாகத் தென்பட்டன. ஒருநாள் வில்லோ மரக்கிளையிலிருந்து சிறு மீன்கொத்தி நீலமாகத் தெறித்தது. நம் வாய்க்கால் மதகில் உட்காருகிற அதே இனம்தான்.

230 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. கோதுமை வயல்களுக்கு நடுவே எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய, ஓர் இலை மிதந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். கோடையில் மாடுகள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்கும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆற்றுமீன் பிடிக்கத் தடை. மறுநாள் விடியலிலேயே தூண்டில்காரர்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் முழங்கை நீள மீனைத் தூக்கினார். கையை நனைத்துக்கொண்டு தூண்டில் முள்ளை எடுத்தார். தண்ணீருக்குள் அதைத் தாங்கிப் பிடித்து, அது தானாக வாலை அசைத்ததும் விட்டுவிட்டார். அம்மாவிடம் சொன்னேன். "திரும்ப விட்டுட்டாரா? அப்ப எதுக்குடி பிடிச்சாரு?"

ஆறு வருஷமாயிற்று, பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனாலும் ஜூன் 12 வந்தால், மேட்டூர் திறந்தார்களா என்று பார்த்துவிட்டுத்தான் டீ போடுகிறேன்.

எனக்கு இந்த ஆற்றின்மேல் ஒரே ஒரு குறை. படித்துறை இல்லை. படகு கட்டும் மேடைகள் இருக்கின்றன. துணி அலசிக்கொண்டே ஊர்க்கதை பேச, கழுத்தளவு நின்று மூன்று முழுக்குப் போட, ஈரப்பாவாடையோடு படியேற ஓர் இடம், நான் நடந்த கரையில் எங்குமே இல்லை. கரை நிறையத் தண்ணீர் போகிறது. அதைத் தள்ளி நின்று பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

போன ஆடிப்பெருக்கன்று சித்ரான்னம் கட்டிக்கொண்டு போனேன். ஆற்றுக்குப் படைக்கிற காதோலை கருகமணியும் பையில் இருந்தது, எல்லாம் பிளாஸ்டிக் வளையல். ஆற்றில் விட மனம் வரவில்லை. டீல்ட்ரின் போன்ற பூச்சிமருந்துகளால் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் நீர்நாய் அற்றுப்போயிருந்தது. அவற்றைத் தடைசெய்து, ஆறுகளைச் சுத்தமாக்கி, 2011 வாக்கில்தான் எல்லா மாவட்டங்களுக்கும் அது திரும்பியது. அப்படி மீட்டெடுத்த தண்ணீரில் பிளாஸ்டிக் வளையலைப் போடுவதா? மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அம்மா அழைத்தார். "அரசலாத்துல இன்னும் தண்ணி வரலம்மா. அடிபம்புல பிடிச்சுத் தலையில தெளிச்சுக்கிட்டோம். அங்க இருக்கா?"

"நிறைய இருக்கும்மா."

"காட்டேன்."

போனைத் திருப்பித் தண்ணீர் பக்கம் பிடித்தேன். வெகுநேரம் அம்மா பேசவில்லை. நாணலிலிருந்து அந்தக் கறுப்புப் பறவை வெளியே வந்து, குஞ்சுகளோடு குறுக்கே நீந்திப் போனது.

"ஏய், நம்ம நாமக்கோழிடி."