ஃபயர்வால் போர்ட்டிலிருந்து 25.5 வாட்: எல்எல்டிபி-யில் மாட்டிக்கொண்ட கதை

ஃபயர்வாலின் பிஓஇ போர்ட்டில் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும் போர்ட்) மாட்டிய வைஃபை ஆக்சஸ் பாயின்ட் (ஏபி) ஒருவழியாக முழுப் பவரில் ஓடுகிறது. அதுவரை லிங்க் 1 கிகாபிட், பிங்கில் குறையே இல்லை. ஆனால் ரேடியோ 4x4-க்குப் பதில் 2x2 (நான்கு ஆன்டெனாவுக்குப் பதில் இரண்டு), யுஎஸ்பி போர்ட் உயிரற்றுக் கிடந்தது. பவர் நிலை, 13 வாட் அளவே கிடைக்கும் பழைய தரமான "802.3ஏஎஃப்" என்பதைவிட்டு நகரவே இல்லை.

எதிர்ச் சாதனத்துக்கு எவ்வளவு பவர் வேண்டும் என்ற வகுப்பை (கிளாஸ்) அறிய அனுப்பும் பல்ஸை இந்த ஃபயர்வால் ஒருமுறைதான் அனுப்புகிறது. கிளாஸ் 4 சாதனம் (25.5 வாட் வரை எடுப்பது) இரண்டு பல்ஸ் பார்த்தால் எதிரில் 30 வாட் இருக்கிறது என்று உடனே நம்பும். ஒன்றுதான் வந்தால், எல்எல்டிபி-யில் (பக்கத்துச் சாதனங்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) பேசி முடிக்கும்வரை 13 வாட்டைத் தாண்டாது. ஃபயர்வாலிலோ எல்எல்டிபி மூடியே வருகிறது. ஸ்விட்சில் பழகிய கை அங்கே தேடாது.

ரிசீவை மட்டும் திறந்தால் பலனில்லை. டிரான்ஸ்மிட்டும் வேண்டும், அனுப்பும் டிஎல்வி (எல்எல்டிபி செய்தியின் தகவல் துண்டு) பட்டியலில் பவர் பற்றிப் பேசும் 'பவர் வயா எம்டிஐ' டிக் ஆகியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நெய்பர் பட்டியலில் பெயர் அழகாகத் தெரியும், வாட் ஏறாது. போர்ட்டிலேயே பாக்கெட் கேப்சர் எடுப்பதுதான் நேர்வழி. அலகு 0.1 வாட்: ஏபி 255 கேட்கிறது, ஃபயர்வால் முதலில் 130 என்கிறது, பிறகு 255 தருகிறது. ஃபிரேம் 30 நொடிக்கு ஒருமுறை போகும்; அவசரப்பட்டு கேபிளைப் பிடுங்கினால் எல்லாம் முதலிலிருந்து.

கேபிளில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. 100 மீட்டருக்கு 12.5 ஓம், 600 மில்லியாம்ப்: 7.5 வோல்ட் வழியிலேயே போகும். 50 வோல்ட் கிளம்பினால் 42.5 வந்து சேரும், 25.5 வாட் என்பது அந்தக் கணக்குதான். செம்பு பூசிய அலுமினியக் கேபிளில் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பெட்டியில் 'கேட் 6' என்று அச்சிட்டே விற்கிறார்கள், அயோக்கியத்தனம். முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கேமராக்களை ஃபயர்வாலில் மாட்டப் போவதில்லை. ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு ரீபூட் ஆகும்போது பல மாடல்களில் பிஓஇ-யும் அறுந்துவிடும், வீடியோ பதிவில் ஓட்டை விழும். 51 வாட் பிடிஇசட் (திரும்பும், ஜூம் ஆகும் கேமரா) ஒன்றுக்கு, இன்னும் அதிக பவர் தரும் 802.3பிடி தரத்தில் இன்ஜெக்டர் (கேபிளின் நடுவே மின்சாரம் ஏற்றும் பெட்டி) பார்த்து வைத்தாயிற்று. சாதாரண இன்ஜெக்டர் எல்எல்டிபி பேசாது, ஆகவே பல்ஸ் வழியாகவே கிளாஸ் சொல்கிறதா என்பதை டேட்டாஷீட்டில் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

போர்ட் பிரையாரிட்டி (பவர் போதாதபோது எந்தப் போர்ட்டுக்கு முதலிடம் என்பது) இன்னும் போடவில்லை. மொத்த பட்ஜெட் 60 வாட். கிளாஸ்படி ஒன்றுக்கு 30 வாட் ஒதுக்கினால் இரண்டு ஏபி-யிலேயே தீர்ந்துவிடும், 7 வாட் ஐபி ஃபோனுக்கு இடமில்லை.