குட்டீஸோட மரவேலை: பலகை ஆடாம நின்னாலே பாதி வேலை முடிஞ்சது

வீட்ல குழந்தைங்களோட மரவேலை ஆரம்பிக்கணும்னு யார் கேட்டாலும் நான் சொல்ற முதல் விஷயம், ரம்பம் வாங்குறதுக்கு முன்னாடி கிளாம்ப், அதாவது பலகையை பெஞ்சோட சேத்து இறுக்குற இரும்புப் பிடி, வாங்குங்க. 4 இன்ச் சி கிளாம்ப் ரெண்டு, கொஞ்சம் நீளமா எஃப் கிளாம்ப் ஒண்ணு, போதும். பிள்ளைக்கு அறுக்க வரலன்னு நாம நினைக்கிறதுல முக்காவாசி நேரம் பலகை ஆடுறதுதான் காரணம். ஒரு கையால பலகையை அமுக்கிட்டு இன்னொரு கையால ரம்பத்தை ஓட்டுற பலம் ஆறு வயசுப் பையனுக்கு எங்க இருந்து வரும்? பலகையை பெஞ்சோட சேத்து இறுக்கிட்டா அவனோட ரெண்டு கையும் ரம்பத்தோட பிடியிலதான் இருக்கும், ரெண்டு கையும் பிடியில இருந்தா பல்லுக்கு முன்னாடி விரல் வர்றதுக்கு வழியே இல்ல. பாதுகாப்பும் அதுல வந்துருது, நேரா அறுபடுற சந்தோஷமும் அதுலயே வந்துருது.

எங்க வீடு திருச்சி. மொட்டைமாடில தகர ஷெட்டு ஒண்ணு இருக்கு, காலையில ஒன்பது மணிக்கு மேல அங்க நிக்க முடியாது, அதனால லீவு நாள்ல எங்க மரவேலை எல்லாம் காபி குடிச்ச கையோட ஆரம்பிச்சு வெயில் ஏறுறதுக்குள்ள முடிஞ்சிரும். பெரியவளுக்கு ஒன்பது வயசு, சின்னவனுக்கு ஆறு. வேலை செய்யுற பெஞ்ச் அவங்க இடுப்பு உயரத்துக்கு இருக்கணும், நம்ம உயர மேஜையில நிக்க வச்சா தோள்பட்டையைத் தூக்கிக்கிட்டே அறுக்க வேண்டி வரும், கொஞ்ச நேரத்துல கை வலிக்குதும்மான்னு ஓடிருவாங்க. நாங்க பழைய கனமான மர பெஞ்ச் ஒண்ணை சுவத்தோட முட்டுக் கொடுத்துப் போட்டிருக்கோம்.

ஆரம்பத்துல எனக்கும் தயக்கம் இருந்துச்சு, இவ்ளோ சின்னப் பிள்ளைங்க கையில நிஜ ரம்பம் நிஜ சுத்தியல் குடுக்கலாமான்னு. ஃபின்லாந்துல 1866லயே கைவேலையை பள்ளிக்கூடத்துல கட்டாயப் பாடமா வச்சிருக்காங்க, ஸ்வீடன்லயும் இன்னைக்கு வரைக்கும் மரவேலை பாடம் இருக்கு. நம்ம ஊர்ல 1937ல வார்தாவுல காந்தி பேசின ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவுல வச்சதுதான். இதெல்லாம் படிச்சப்போ தயக்கம் கொஞ்சம் கொஞ்சமா போச்சு. இப்போ என்னோட அபிப்பிராயம் என்னன்னா பிளாஸ்டிக் டூல் செட் வாங்கவே வாங்காதீங்க, அது எதையும் அறுக்காது, எதையும் அடிக்காது, பிள்ளைக்கு எரிச்சல்தான் மிஞ்சும். சின்ன சைஸ்ல, கூர்மையா, நிஜமான கருவி குடுங்க. மொக்கை கருவிக்கு அதிகமா அழுத்தம் குடுக்கணும், அழுத்திக்கிட்டே இருக்கும்போது சறுக்கினாதான் கையில படும்.

ரம்பத்துல ஒரு விஷயம் இருக்கு. நம்ம ஊர் கைரம்பம் தள்ளும்போது அறுக்கும், தள்ளுறப்போ தகடு வளையக்கூடாதுன்னு தடிமனா இருக்கும், குழந்தைக்கு அது கனம். ஜப்பான் ரம்பம் இழுக்கும்போது அறுக்கும், இழுத்தா தகடு விறைப்பா நிக்கும்ங்கறதால ரொம்ப மெல்லிசா பண்ணிருப்பாங்க, பிள்ளைங்க லேசா இழுத்தாலே போதும். ஆன்லைன்ல சின்ன சைஸ்ல கிடைக்குது. அது கிடைக்கலன்னா ஹார்டுவேர் கடையில குட்டி ஆக்சா பிளேடு, 6 இன்ச், பிரேமோட வாங்கிக்கலாம், பல்லு சின்னது, மெதுவாதான் அறுக்கும், ஆனா பயமில்ல. எதிர் வீட்ல கப்போர்டு வேலைக்கு வந்திருந்த கார்பெண்டர் அண்ணன் ஒருநாள் மாடிக்கு வந்து பெரியவ அறுக்குறதைப் பாத்துட்டு, "அமுக்காத பாப்பா, ரம்பம் அதோட எடையிலயே இறங்கும், நீ நேரா மட்டும் இழு"ன்னு சொன்னாரு. நான் எத்தனையோ தடவை விளக்கியும் ஏறாதது அவர் ஒரு வார்த்தை சொன்னதும் ஏறிருச்சு. கோடு போட்ட இடத்துல பென்சிலுக்கு மேலயே கத்தியால ஒரு கீறல் போட்டா ரம்பம் அந்தப் பள்ளத்துல உக்காந்துக்கும்னு அவர்தான் சொல்லிக் குடுத்தாரு. கத்திக் கீறல் போடுறது மட்டும் இன்னும் என் வேலை.

மரத்துக்கு நாங்க காசே செலவழிக்கல. அந்த அண்ணன் குடுத்த துண்டுப் பலகை, மெஷின் வந்த பேக்கிங் பெட்டி, அவ்ளோதான். பேக்கிங் பெட்டில வர்றது பெரும்பாலும் பைன், மெத்துனு இருக்கும், குழந்தைங்களுக்கு அதை விட நல்ல மரம் இல்ல. ஆனா பெட்டி எடுக்கும்போது முத்திரையைப் பாருங்க. வெளிநாட்டுல இருந்து வர்ற பெட்டி, பேலட் எல்லாத்துலயும் கோதுமைக் கதிர் படம் போட்ட ஒரு முத்திரை இருக்கும், அதுல எச்டி (HT)ன்னு இருந்தா பூச்சி போக சூடு பண்ணினது, மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரியில 30 நிமிஷம் வச்சிருப்பாங்க, அது ஓகே. எம்பி (MB)ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு வாயு அடிச்சது, அதை வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க. எண்ணெய் கசிஞ்ச பெட்டி, ஏதோ கெமிக்கல் வாடை வர்ற பெட்டியும் வேண்டாம். அப்புறம் எம்டிஎஃப். பாக்க வழவழன்னு இருக்கு, ஈஸியா அறுபடும், ஆனா அது முழுக்க பொடிசான மரநாரும் பசையும் சேத்து அமுக்கினதுதான், அதுல இருந்து வர்ற தூசி குழந்தைங்க மூக்குக்குப் போகக்கூடாதுன்னு நான் தொடுறதே இல்ல.

மரத்தூசி விஷயத்துல நான் கொஞ்சம் கண்டிப்பு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995லயே மரத்தூசியை புற்றுநோய் உண்டாக்குற பொருள் லிஸ்ட்ல சேத்திருச்சு. அது வருஷக்கணக்கா மரப்பட்டறையில தூசிக்குள்ளயே வேலை பாக்குறவங்களை வச்சு சொன்னது, லீவு நாள்ல கையால ரெண்டு பலகை அறுக்குறதுக்கு அவ்ளோ பயப்பட வேண்டாம், ஆனாலும் உப்புத்தாள் போடும்போது மூணு பேருக்கும் மாஸ்க் உண்டு, வேலை முடிஞ்சதும் தண்ணி தெளிச்சுட்டுதான் பெருக்குவோம். மெஷின் எதையும் பிள்ளைங்க கிட்ட விடுறதில்ல. கையால சுத்துற ட்ரில் ஒண்ணு வாங்கினோம், சின்னவன் அதுக்கு அடிமை ஆயிட்டான், சும்மா கிடக்குற கட்டையில எல்லாம் ஓட்டை போட்டுட்டு சுருள் சுருளா வெளிய வர்ற மரத்தை டப்பால சேத்து வைக்கிறான்.

இப்போ ஆணி. இதுதான் எங்க வீட்ல எல்லாருக்கும் பிடிச்ச வேலை, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். குழந்தைங்க ஆணி அடிக்கும்போது விரல்ல படாம இருக்கணும்னா ஆணியை விரலால பிடிக்கவே கூடாது. துணி காயப் போடுற கிளிப் இருக்குல்ல, அதால ஆணியைக் கவ்விப் பிடிச்சா கை தள்ளியே இருக்கும். முதல்ல நாலு தட்டு மெதுவா, ஆணி தானா நிக்குற அளவுக்கு, அப்புறம் கிளிப்பை எடுத்துட்டு சுத்தியலோட பிடியில நல்லா பின்னாடி பிடிச்சு அடிக்கணும். 200 கிராம் சுத்தியல் எங்களுக்கு சரியா இருக்கு. பலகை ஓரத்துல அடிக்கும்போது விரிசல் விடும், அதுக்கும் கார்பெண்டர் அண்ணன்கிட்ட ஒரு வழி இருந்துச்சு. ஆணியைத் தலைகீழா கல்லுல வச்சு அதோட கூர்மையை சுத்தியலால ஒரு தட்டு தட்டி மொக்கை ஆக்கிடணும். கூரா இருந்தா அது மரத்தோட நாரை ரெண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளிட்டு ஆப்பு வச்சு பிளந்துரும், மொக்கையா இருந்தா முன்னாடி இருக்குற நாரை நசுக்கிக்கிட்டே உள்ள போகும், பிளக்காது. பெரியவ நம்பல. ஒரே பலகையோட ஓரத்துல கூரா ஒண்ணு மொக்கையா ஒண்ணு பக்கத்துல பக்கத்துல அடிச்சுப் பாத்தா. கூர் ஆணி பக்கம் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு ஓடிருந்துச்சு, இன்னொண்ணு சுத்தமா இருந்துச்சு. அன்னைல இருந்து ஆணியை மொக்கை ஆக்குறது சின்னவனோட டிபார்ட்மெண்ட், யாரும் தொடக்கூடாது.

உப்புத்தாள் நம்பர் கம்மியா இருந்தா சொரசொரப்பு ஜாஸ்தி, 80ல ஆரம்பிச்சு 120, அப்புறம் 220. தாளை வெறும் கையால பிடிக்காம சின்ன கட்டையில சுத்திக் குடுத்தா பள்ளம் விழாது. ரேகை ஓடுற பக்கமா தேய்க்கணும்னு சொன்னா குழந்தைக்குப் புரியாது, பூனையைத் தடவுற மாதிரி தடவு, முடி எந்தப் பக்கம் படியுதோ அந்தப் பக்கம்னு சொன்னேன், உடனே பிடிச்சுக்கிட்டான். சிராய் குத்துறதும் இதுக்கப்புறம் பெருசா இல்ல.

இவ்ளோ கத்துக்கிட்டு உருப்படியா செஞ்சது சிட்டுக்குருவிக் கூடு. 15 சென்டிமீட்டர் அகலம், 1.8 தடிமன்ல பேக்கிங் பலகை இருந்துச்சு. முன்பக்கம் 20 உயரம், பின்பக்கம் 25, ரெண்டு பக்கப் பலகையும் பின்னாடி 25ல இருந்து முன்னாடி 20க்கு சரிவா, அப்போதான் மழைத்தண்ணி முன்பக்கமா வழியும். கூரை 24 நீளம், முன்னாடி நீட்டிட்டு நிக்கும். அடிப்பலகை எவ்ளோ அகலம்னு பெரியவகிட்ட கேட்டேன், 15ன்னா. அப்புறம் அவளே பக்கப் பலகை ரெண்டையும் நிறுத்தி வச்சுப் பாத்துட்டு, அய்யோ ரெண்டு பக்கமும் 1.8 சாப்பிட்டுருதும்மான்னு நோட்டை எடுத்து 15ல 3.6 கழிச்சு 11.4ன்னு எழுதினா. தசமக் கணக்கு போடுறதுக்கு அவ அவ்ளோ ஆசையா உக்காந்து நான் பாத்ததே இல்ல.

குருவிக்கு வாசல் 32 மில்லிமீட்டர். அதுக்கு மேல பெருசா வச்சா மைனா மாதிரி பெரிய பறவை உள்ள புகுந்துரும். வாசலுக்குக் கீழ குச்சி வைக்கக்கூடாது, குருவிக்கு அது தேவையே இல்ல, அணிலும் காக்காவும் நின்னு உள்ள தலையை விடுறதுக்குத்தான் உதவும். இந்த ஒரு ஓட்டை மட்டும் நான் கரண்ட் ட்ரில்லுல வட்ட பிளேடு மாட்டி போட்டுக் குடுத்தேன், மேல் விளிம்புல இருந்து 5 சென்டிமீட்டர்ல மையம். அடியில தண்ணி வடிய நாலு சின்ன ஓட்டை, அது சின்னவன். உள்பக்கம் உப்புத்தாளும் போடல பெயிண்டும் அடிக்கல, சொரசொரப்பா இருந்தாதான் குஞ்சுங்க கால் ஊனி ஏறி வர முடியும். ஒரு பக்கப் பலகைக்கு மட்டும் ஆணி இல்லாம ஸ்க்ரூ, சீசன் முடிஞ்சதும் கழட்டி சுத்தம் பண்ணலாம்.

வெளிப்பக்கத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினோம். தேங்காய் எண்ணெய் பூசலாமான்னு என் மாமியார் கேட்டாங்க, அது காயாது அத்தை, பிசுபிசுன்னே இருக்கும். ஆளிவிதை எண்ணெய் காத்துல இருக்குற ஆக்சிஜனோட சேந்து கெட்டியாகி மேல படலமா நிக்கும். ஆனா ஒண்ணு, ரொம்ப முக்கியம், அந்த எண்ணெய் தொட்ட துணியைக் கசக்கி குப்பைக்கூடையில போட்டுறாதீங்க. காயும்போது சூடு வெளிய வரும், துணி சுருண்டு கிடந்தா அந்தச் சூடு உள்ளயே சேந்து தானா தீப்பிடிக்கும். கொடியில விரிச்சுப் போட்டு நல்லா விறைப்பா காஞ்சதுக்கு அப்புறம்தான் தூக்கிப் போடணும். குழந்தைங்க இருக்குற வீட்ல இது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

கூட்டை மாடிப்படி சன்ஷேடுக்கு அடியில, ஆள் எட்டாத உயரத்துல, கிழக்கு பாத்து மாட்டிருக்கோம், மேற்கு வெயில் அடிச்சா உள்ள குஞ்சு வெந்துரும். குருவிங்க கூட்டமா வாழுறது, பக்கத்துலயே இன்னொரு கூடு இருந்தா நல்லதுன்னு ரெண்டாவதுக்கு பலகை அறுத்து வச்சாச்சு. இதுவரைக்கும் கம்பியில உக்காந்து எட்டிப் பாத்துட்டுப் போறதுதான், உள்ள யாரும் குடி வரல.

அடுத்தது நடைவண்டி, என் தங்கச்சி பிள்ளைக்கு, தை மாசத்துக்குள்ள எழுந்து நிக்க ஆரம்பிச்சிருவான். சக்கரத்துக்கு மரக்கிளையை அப்படியே வட்டமா அறுத்துரலாம்னு சின்னவன் ஐடியா குடுத்தான், நானும் சரின்னு முருங்கை இல்லாம நல்ல வேப்பங்கிளையா பாத்து ஒரு வட்டம் அறுத்து வச்சேன், காயக் காய நடுவுல இருந்து விளிம்பு வரைக்கும் வெடிச்சிருச்சு. பச்சை மரம் காயும்போது வளையத்தோட சுத்துவாக்குல சுருங்குறது நடுவுல இருந்து வெளிப்பக்கமா சுருங்குறதை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதனால முழு வட்டம் வெடிக்கத்தான் செய்யும்னு அந்த துண்டைக் கையில வச்சே பிள்ளைங்களுக்குக் காட்டினேன். இப்போ வைரம் பாஞ்ச பழைய கதவுச் சட்டம் ஒண்ணு கார்பெண்டர் அண்ணன்கிட்ட சொல்லி வச்சிருக்கோம், அதுல 10 சென்டிமீட்டர் சதுரமா மூணு துண்டு. சதுரத்தோட நாலு மூலையையும் அறுத்தா எட்டு மூலை, அந்த எட்டையும் அறுத்தா பதினாறு, அதுக்கப்புறம் அரம் போட்டு உருட்டிரலாம். ரம்பம் பெரியவளோடது, அரம் சின்னவனோடதுன்னு அவங்களே பேசி முடிச்சுட்டாங்க. அச்சுக்கு என்ன கட்டை போடுறதுன்னு மட்டும் இன்னும் முடிவாகல.