பென்னி லேன்: எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும்?

பீட்டில்ஸ் இசைக்குழுவின் 'பென்னி லேன்' பாட்டில் வரும் இடத்தைப் பார்க்க, லிவர்பூல் நகர மையத்தில் 86ஆம் நம்பர் பஸ்ஸைப் பிடியுங்கள். ஸ்மித்டவுன் ரோடு முடிகிற சந்தியில் இறங்கி அங்கேயே நில்லுங்கள். பலரும் 'பென்னி லேன்' பலகையைப் பார்த்ததும் தெருவுக்குள் நடந்துவிடுகிறார்கள். உள்ளே சில கடைகள், அப்புறம் வீடுகள். பாட்டில் வரும் சலூனும் வங்கியும் அங்கே கிடையாது.

அந்தக் காலத்தில் பஸ் போய்த் திரும்பிய கடைசி நிறுத்தம் இந்தச் சந்தியில்தான் இருந்தது, அதற்கு இந்தத் தெருவின் பெயர். அதனால் உள்ளூரில் சந்தி முழுவதுமே பென்னி லேன். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியும் ஜான் லென்னனும் பஸ் மாறிய இடம் இது. அருகிலுள்ள செயின்ட் பர்னபாஸ் தேவாலயத்தின் பாடகர் குழுவில் சிறுவயதில் பால் பாடியிருக்கிறார். பாட்டுக்குக் காரணமான பயோலெட்டியின் சலூன் இருந்த கடையில் இன்று டோனி ஸ்லேவின் சலூன் நடக்கிறது. நடுத்திட்டில் நிற்கும் பழைய நிழற்குடைக்குப் பின்னால்தான் பாட்டின் செவிலி பாப்பிப் பூ விற்கிறாள். பாப்பி விற்பது நவம்பரில், போரில் இறந்தோர் நினைவு நாளை ஒட்டி. அதே பாட்டில் நீல வானமும் இருக்கிறது, கொட்டும் மழையும் இருக்கிறது. பால் எழுதியது ஒரு நாளை அல்ல, பல வருஷங்களை.

ஹெட்போனில் பாட்டைக் கேட்க இதைவிடப் பொருத்தமான இடமில்லை. பதிவு லண்டன் ஈ.எம்.ஐ. ஸ்டுடியோவில் 1966 டிசம்பர் 29 அன்று தொடங்கியது. அன்று பெரும்பாலும் பியானோதான், ஒன்றின் மேல் ஒன்றாக. ஏதோ குறைந்தது. ஜனவரி 11 அன்று டிவியில் இசையமைப்பாளர் பாக்கின் இரண்டாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவைப் பார்த்த பால், அந்த உச்ச ஸ்தாயி ட்ரம்பெட்டைப் பிடித்துக்கொண்டார். அதை வாசித்த டேவிட் மேசனையே வரவழைத்தார்கள். 17ஆம் தேதி ஒன்பது ட்ரம்பெட்டுகளோடு வந்தார் மேசன். ஒவ்வொன்றாகக் கழித்து பிக்கோலோ என்ற சிறிய ட்ரம்பெட்டில் வந்து நின்றார்கள். சாதாரண ட்ரம்பெட்டில் பாதி நீளக் குழாய், ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். பால் பாடிக்காட்ட, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஸ்வரக்குறிப்பு எழுதினார். சந்தியின் இரைச்சலுக்கு மேலே அந்த ட்ரம்பெட் எழும்போது உடம்பு சிலிர்க்கிறது.

1967 பிப்ரவரியில் வெளியான இசைத்தட்டு பிரிட்டனில் இரண்டாம் இடத்தோடு நின்றது. முதலிடத்தை விடாமல் வைத்திருந்தவர் பாடகர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். சென்னையில், அன்றைய மெட்ராஸில், பிறந்தவர்!

பாட்டில் வரும் தீயணைப்பு நிலையத்தைச் சந்தியில் தேடாதீர்கள். அந்தக் கட்டடம் தள்ளி, மேதர் அவென்யூவில் இருக்கிறது. அதே 86இல் ஏறி, நகரத்துக்கு எதிர்த்திசையில் போக வேண்டும்.