தாளில் ஏறும் நேரம்

"சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்" என்று சொல்லித் தாராவியில் மராத்தி தெரியாத தமிழர் ஒருவரைப் போலீசார் மாலை 7 மணிக்குக் கூட்டிப் போகிறார்கள். பஞ்சநாமாவில் (சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் பதிவு) கைது நேரம் மறுநாள் காலை 11. அதற்கும் மறுநாள் காலை 10.30க்குக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். தாளின்படி இருபத்து மூன்றரை மணி நேரம், சட்டத்துக்குள்தான். அவர் அடைபட்டுக் கிடந்ததோ முப்பத்தொன்பதரை மணி நேரம். அரசியல் சட்டத்தின் 22வது பிரிவு தருவது, பயண நேரம் போக, 24 மணி நேரம்.

"முறை மீறினார்கள்" என்று மொட்டையாக எழுதும் மனு நிற்பதில்லை. கூட்டிப் போனது 7 மணிக்கு என்பதை நிரூபிக்க வேண்டும். கூட்டிப் போன உடனே வீட்டார் தம்பிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி உதவும், அதில் நேரம் இருக்கிறது. ஸ்டேஷன் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி, நாள், மணி குறிப்பிட்டு அன்றைக்கே மனு கொடுத்துவிட வேண்டும். 18 மாதம் வைத்திருக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

அதைவிடப் பெரிய ஓட்டை மொழி. மராத்தியில் நிரம்பிய தாள்; கடைசியில் 'வாசித்துக் காட்டினார்கள், புரிந்தது' என்று ஒரு வரி; அதன் கீழே கோணல்மாணலாகத் தமிழில் ஒரு கையெழுத்து. அந்தத் தாள் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள், மனுவுக்கு அதுவே முதல் சான்று. மும்பை வழக்கு ஒன்றில் 2025 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் தர வேண்டும், அவசரத்தில் வாயால் சொல்லியிருந்தாலும், ரிமாண்டுக்கு (காவலில் வைக்க உத்தரவு கேட்டு) மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு 2 மணி நேரம் முன்பாவது தாள் கையில் இருக்க வேண்டும். 'சாட்சியைக் கலைப்பார்' என்று எல்லாருக்கும் பொருந்துகிற வரியும் போதாது. இவர் என்ன செய்தார் என்பது அதில் இருக்க வேண்டும். தராவிட்டால் கைது செல்லாது, விடுவிக்கக் கேட்கலாம். ஆனால் வழக்கு அதோடு முடியாது. தாளைக் கொடுத்துவிட்டு மறுபடி காவல் கேட்க போலீசுக்கு வழி உண்டு. வீட்டாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

"போலீஸ் மேல் புகார் உண்டா?" என்று மாஜிஸ்திரேட் இந்தியில் கேட்பார். பக்கத்திலேயே போலீஸ்காரர். ராத்திரி அதே லாக்கப்புக்குத்தான் திரும்ப வேண்டும். "நஹீ" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதனால் வக்கீல் முன்பே தமிழில் பேசி, அடி, நேரம், மொழி மூன்றையும் எழுதிக் கொடுத்து, ரோஜ்நாமாவில் (கோர்ட்டின் அன்றாட நடவடிக்கைக் குறிப்பு) ஏற்றச் சொல்ல வேண்டும். காயம் இருந்தால் அங்கேயே மறு மருத்துவப் பரிசோதனை கேட்க வேண்டும். நாளாக ஆகக் கன்றிய தடம் மங்கிவிடும்.