வாசலில் காட்டுமாடு, அடுப்பில் மாட்டுக்கறி

அமெரிக்கக்காரர்கள் ஒரு சமையலைச் 'சுலபம்' என்று சொன்னால் அதில் குறைந்தது இரண்டு டின்னாவது இருக்கும் என்பது என் கணிப்பு. ஒரு டின்னைத் திறந்து காளான் சூப்பை ஊற்று. இன்னொன்றை உடைத்து பிஸ்கட் மாவை எடுத்து மேலே அடுக்கு. ஓவனுக்குள் தள்ளு, வேலை முடிந்தது. அந்தக் காளான் சூப் டின் அவர்கள் ஊர்க் கடைகளுக்கு 1934-லேயே வந்துவிட்டது. மாவு டின் அதற்கும் முந்தியது. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்துக்காரர் ஒருவர் 1931-ல் காப்புரிமை வாங்கியது. ஆக, தொண்ணூறு வருஷத்துக்கும் மேலாக வேறு யாரோ எங்கோ ஒரு தொழிற்சாலையில் அவர்களுக்காக மாவு பிசைந்துகொண்டிருக்கிறார்கள். சுலபமாக இல்லாமல் பின்னே எப்படி இருக்கும்?

கொடைக்கானல் நாயுடுபுரத்தில், ஐப்பசி மழையில், அந்த டின் எதுவும் இல்லாமல் அப்படி ஒரு பீஃப் கேசரோலைச் செய்து தரச் சொன்னவள் என் மகள். மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். படிப்பு விடுமுறை என்று வந்தவள், படிப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். பீஃப் கேசரோல் வீடியோ ஒன்றை என் மூக்குக்கு நேரே நீட்டி, "ரொம்ப ஈஸிப்பா, நாப்பது நிமிஷம்தான்" என்றாள். அந்த ஊர் அம்மாள் சிரித்துக்கொண்டே செய்துகாட்டினாள். அவள் வீட்டுக் கொத்துக்கறி கடையிலிருந்து வரும்போதே பொட்டலத்தில் அழகாக நூல் நூலாக இருந்தது. வெங்காயம்கூட நறுக்கியே வந்தது.

விஷயம் இவ்வளவுதான்: கொத்துக்கறியை வெங்காயம், கேரட், பட்டாணியோடு வதக்கி, வெள்ளை சாஸில் கெட்டியாகக் கிளறி, அதன்மேல் உப்பு போட்ட மெத்தென்ற பிஸ்கட்டுகளை அடுக்கி, பாத்திரத்தோடு வேகவிட வேண்டும். இந்த பிஸ்கட் நம் டீக்கடை பாட்டிலில் இருப்பது இல்லை. பேக்கரி ஸ்கோனுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

நானும் மகளும் கூடத்தில் உட்கார்ந்து இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "கேசரோலா? அதுக்கு வெண்ணெய் சில்லுனு இருக்கணும்டா."

என் அத்தை. அப்பாவின் அக்கா. எண்பதை நெருங்குகிறார். அறுபதுகளில் இங்கே ஓர் அமெரிக்க மிஷன் குடும்பத்துப் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். கொடைக்கானல் என்ற ஊரே அப்படி உண்டானதுதான். கீழே வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் மலையேறி வந்து 1845-ல் சன்னிசைடு, ஷெல்டன் என்று முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். ஏரியே 1863-ல்தான் வந்தது. 1901-ல் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு வாய்க்கு ருசியாகப் பொங்கிப் போட்டவர்களில் எங்கள் அத்தையும் ஒருவர். இத்தனை வருஷமாக எங்களுக்கு ரசமும் கீரையும் வைத்துக்கொடுத்தவர், இந்த வித்தையெல்லாம் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"ஏன் அத்தை சொல்லல?" என்றேன்.

"நீங்க கேட்டீங்களா?"

இதற்கு மேல் நியாயம் பேச முடியாது.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு மேலதிகாரிகள். ஒருவரிடம் கைபேசி, இன்னொருவரிடம் ஞாபகம். என் மனைவி இதில் எந்தப் பக்கமும் சேரவில்லை. "எதுக்கும் நான் சோறு வடிச்சு ரசம் வச்சிர்றேன்" என்று மட்டும் சொன்னாள். எங்கள் வீட்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் இப்படித்தான் கொண்டுவரப்படும்.

கறிக்கடையில் பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொத்துக்கறியா? கோலா உருண்டைக்கா?" என்றார். விளக்கிச் சொன்னேன். மாட்டுக்கறியை மாவுக்கு அடியில் வைத்து மூடுவதில் அவருக்கு உடன்பாடில்லை என்பது அவர் கத்தி விழுந்த வேகத்திலேயே தெரிந்தது. ஆனால் கறியில் குறை சொல்ல முடியாது. புளியங்கட்டை மேல் வைத்து இரண்டு கத்திகளால் மாறி மாறிக் கொத்தி, பூப்போலப் பொட்டலம் கட்டிக்கொடுத்தார்.

இங்கே ஒரு சங்கதி இருக்கிறது. வீடியோ அம்மாள் கறியை வதக்கி, மிதக்கிற கொழுப்பை வடித்துக் கொட்டுகிறாள். அந்த ஊர் கொத்துக்கறியில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பாகவே இருக்கும். நம் கடைகளில் கிடைப்பது வேலை பார்த்து ஓய்ந்த மாடு. கொழுப்பு எங்கே இருக்கும்? வடிப்பது இருக்கட்டும், நாம்தான் எண்ணெய் ஊற்ற வேண்டும். வேகவும் வேகாது. போதாததற்கு இது இரண்டாயிரத்து நூறு மீட்டர் உயரம். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்க்கத் தளதளவென்று கொதிக்கும், உள்ளே சூடு பற்றாது. அதனால்தான் மலையில் குக்கர் இல்லாத வீட்டில் பருப்பே வேகாது. கறியைக் குக்கரில் போட்டோம். "வீடியோல குக்கரே இல்ல" என்றாள் மகள். "அந்தம்மா மலையிலயா இருக்கு?" என்றார் அத்தை.

அப்புறம் மஞ்சள் பிரச்சினை. மஞ்சள் போடாமல் கறியை அடுப்பில் ஏற்றுவது அத்தையின் மதத்திலேயே கிடையாது. துரைசானியம்மா வீட்டிலும் போட்டாரா என்று மகள் கேட்டாள். "அவங்க பாக்காதப்ப போடுவேன்" என்றார் அத்தை. பூண்டு ஒரே ஒரு பல் என்றது வீடியோ. அத்தை பூம்பாறைப் பூண்டில் ஒரு கை அள்ளித் தட்டிப்போட்டார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அதன் நெடி மூக்கில் ஏறினால் ஏன் கொடுத்தார்கள் என்று கேட்க மாட்டீர்கள். தாண்டிக்குடி மிளகு இடித்துப் போட்டதும் அடுப்படியில் வீடியோவுக்கும் எங்களுக்கும் இருந்த உறவு ஏறக்குறைய அறுந்தது.

காளான் சூப் டின்னுக்குப் பதில் வெண்ணெயில் மைதாவை வறுத்து, பாலை ஊற்றிக் கட்டி விழாமல் கிளறி, காளானை நறுக்கிப் போட்டேன். அது பெரிய வேலை இல்லை.

பிஸ்கட் மாவுதான் வேலை. இரண்டு கப் மைதா, கொஞ்சம் உப்பு, 85 கிராம் வெண்ணெய், முக்கால் கப் மோர். நம் மோர் தண்ணீராக இருக்கும் என்பதால் தயிரில் பால் விட்டுக் கலக்கிக்கொண்டேன். பேக்கிங் பவுடர் மூன்று தேக்கரண்டி என்று இருந்தது. அத்தை இரண்டேகாலோடு கையைப் பிடித்துவிட்டார். மலையில் காற்றழுத்தம் குறைவு, மாவுக்குள் உண்டாகும் வாயு கீழே இருப்பதைவிட அதிகமாக விரியும், சரசரவென்று உப்பிவிட்டு அப்படியே அமுங்கிவிடும். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அத்தை, "மேட்டுல சோடா கொழுப்பெடுத்து ஆடும்" என்று ஒரே வரியில் முடித்தார்.

வெண்ணெயைக் கையால் தொடக்கூடாது என்பது அடுத்த உத்தரவு. கைச்சூட்டில் உருகிவிடுமாம். "இந்தக் குளிருல என் கையில ஏது அத்தை சூடு?" என்று கேட்டும் விடவில்லை. இரண்டு கத்திகளை எதிரெதிராக ஓட்டி, மைதாவுக்குள்ளேயே வெண்ணெயைப் பட்டாணி அளவுக்கு வெட்டச் சொன்னார். ஒவ்வொரு துண்டின் மேலும் மாவு ஒட்டி, தனித்தனியாக உருண்டு நின்றது. ஓவனுக்குள் போனதும் அந்தத் துண்டுகள் உருகும், அதிலுள்ள ஈரம் ஆவியாகி மாவைத் தள்ளும், துண்டு இருந்த இடம் பொந்தாகும், அடுக்கடுக்காக வரும். முன்னாலேயே உருகிப்போனால் வெறும் ரொட்டிதான். மோரை ஊற்றி, கரண்டியால் நாலு சுற்று, அவ்வளவுதான். பிசையவே கூடாது.

இந்த இடத்தில் என் மனைவியால் பொறுக்க முடியவில்லை. தட்டில் பொலபொலவென்று திட்டுத்திட்டாகக் கிடந்த மாவைப் பார்த்து, "இதுக்குப் பேரு மாவா?" என்றாள். அவள் விரல்கள் தாமாகவே மாவை நோக்கி நகர்வதைப் பார்த்தேன். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை, அதன் அவஸ்தை அதற்கு. அத்தை கரண்டியால் ஒரு தட்டு தட்டி அந்தக் கையை விரட்டினார். மருமகள் முறை என்றும் பார்க்கவில்லை.

எவர்சில்வர் டம்ளரால் வட்டமாக வெட்டினோம். டம்ளரை நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும், திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு எழும்பாது. கறி தளதளவென்று கொதிக்கும்போதே மாவை மேலே வைக்க வேண்டும் என்பதில் அத்தை ஒரே பிடிவாதம். "கீழ குழம்பு கொதிக்கணும், மேல அனல் அடிக்கணும், மாவு நடுவுல மாட்டிக்கணும். கறி ஆறிப்போச்சுன்னா மேல செவந்திருக்கும், அடியில களியா இருக்கும்." மகள் கண்ணாடிப் பாத்திரம் கேட்டாள், போட்டோவில் அடுக்கு தெரியுமாம். அத்தை காது உடைந்த அடிகனத்த அலுமினியச் சட்டியைக் கொடுத்தார். காது இல்லாததால் அது ஓடிஜி என்கிற எங்கள் சின்ன கரண்ட் ஓவனுக்குள் கச்சிதமாக நுழைந்தது. 200 டிகிரி, இருபத்தைந்து நிமிஷம். டைமரைத் திருகினேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பிஸ்கட்டுகள் மெல்ல உப்பத் தொடங்கின. மகள் கைபேசியைத் தூக்கினாள்.

கரண்ட் போனது.

மழைக்காலத்தில் கரண்ட் போவதில் வியப்பில்லை. வியப்பு அந்த டைமர்தான். அது சாவி கொடுத்த கடிகார வகை. கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இருட்டில் நாங்கள் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருக்க, அது பாட்டுக்கு டிக்டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

"கரி வேணும்" என்றார் அத்தை, எழுந்து நின்று. கொஞ்ச நாளாக அவர் தானாக எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. பங்களா நாட்களில் ஓவன் ஏது. தகரப் பெட்டிக்கு அடியிலும் மேலும் தணலைப் போட்டுத்தான் கேக்கே சுட்டார்களாம். சட்டியை எடுத்து, கேஸ் அடுப்பில் தோசைக்கல்லை வைத்து, அதன்மேல் சிறு தீயில் ஏற்றினார். மேலே இரும்பு மூடி. மூடிக்கு மேலே தணல் வேண்டும். உப்பிய மாவு அமுங்குவதற்குள் வேண்டும்.

நாயுடுபுரத்தில் இரவு ஏழரை மணிக்குத் தணல் யாரிடம் இருக்கும்? நாலு வீடு தள்ளி இஸ்திரி போடும் தம்பியிடம் இருக்கும். பழைய வாளியையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

வாசலில் காட்டுமாடு நின்றது.

கொடைக்கானல்காரர்களுக்கு இது புதிதில்லை. சாயங்காலமானால் அவை சோலையை விட்டு ரோட்டுக்கு வந்துவிடும், முட்டைக்கோஸ் தழை எங்கே கொட்டியிருக்கிறது என்று ஊர்க்காரர்களைவிட அவற்றுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஏறக்குறைய ஒரு டன் கனமுள்ள கிடா பத்தடி தூரத்தில் நின்றால் நம் அவசரம் எல்லாம் தானாகக் குறையும். கறுத்த உடம்பில் மழைத்தண்ணீர் வழிந்தது. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை, இருட்டில் அந்த நாலு கால்கள்தான் முதலில் தெரிந்தன. மூக்கிலிருந்து ஆவி புஸ்ஸென்று வந்து மூடுபனியில் கலந்தது. தலையைத் தூக்கி, எங்கள் அடுப்படி ஜன்னல் பக்கமாக மோப்பம் பிடித்தது.

என் மனைவி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "பங்காளி துக்கம் விசாரிக்க வந்திருக்கு" என்றாள்.

இஸ்திரித் தம்பி தன் கடை வாசலிலிருந்து, "அண்ணே, டார்ச் அடிக்காதீங்க! அதுவா போயிரும்!" என்று குரல் கொடுத்தார். நான் வாளியைத் தூக்கிக் காட்டி, "தணல் வேணும்ப்பா!" என்றேன். "எதுக்குண்ணே, தம் பிரியாணியா?" மாட்டின் தலைக்கு மேலாக நாங்கள் பேசிக்கொண்டோம். அது இரண்டு பக்கமும் காதை ஆட்டிக் கேட்டது. கேசரோல் என்பதை ஒரு காட்டுமாட்டுக்கு அந்தப்புறம் நிற்கிறவருக்கு விளக்குவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. "ஆமா, பிரியாணி மாதிரிதான்" என்று முடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து உள்ளே டைமர் 'டிங்' என்று மணியடித்து, எல்லாம் வெந்துவிட்டதாக அறிவித்தது. மாடு திடுக்கிட்டு ஓர் அடி பின்வாங்கி, கொஞ்சம் யோசித்து, பக்கத்துக் காலிமனைக்குள் இறங்கிப் போனது. அந்த டைமரால் அன்று நடந்த ஒரே பிரயோஜனம் அதுதான்.

தணல் வந்தது. அத்தை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து மூடியின் ஓரத்தைச் சுற்றி அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் அடுக்கினார். நடுவில் குவித்தால் அந்த இடம் மட்டும் கருகுமாம். கால் மணி நேரம் கழித்து மூடியைத் தூக்கியபோது வெண்ணெயும் பூண்டும் மிளகுமாக ஒரு வாசனை எழும்பியது. பிஸ்கட்டுகள் சிவந்து, பக்கவாட்டில் ஏடு ஏடாகப் பிரிந்து நின்றன. ஒன்றில் மட்டும் ஒரு தணல் துணுக்கு விழுந்து கரும்பொட்டு வைத்திருந்தது. அதை எனக்கு வைத்தார்கள்.

மகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் போட்டோ எடுத்தாள். எல்லாம் கறுப்பாக வந்தது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். முட்கரண்டி எல்லாம் எடுத்து வைத்திருந்தாள் பாவம். அத்தை தட்டில் சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றி, கேசரோலைத் தொட்டுக்கொண்டார். என் மனைவியும் அப்படியே. "பாட்டி, இது மெயின் டிஷ்ஷு!" என்று மகள் பதறினாள். "துரைசானியம்மா சாப்பிட்டதும் நான் அடுப்படியில இப்படித்தான் சாப்பிடுவேன்" என்றார் அத்தை. சற்று நேரத்தில் மகள் தட்டிலும் ரசம் இருந்தது. பிஸ்கட் ரசத்தை உறிஞ்சி ஊறியதும் நன்றாகத்தான் இருந்தது, மறுக்க முடியாது.

தணல் கொடுத்தவருக்கு ஒரு கிண்ணம் அனுப்பினோம். மறுநாள் காலை கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்தார். வெறுமனே கொடுக்கக்கூடாது என்று அதில் நாலு பேரிக்காய்.

"எப்படிப்பா இருந்துச்சு?" என்றேன்.

"மேல இருக்கிற பன்னு அருமைண்ணே. கறியிலதான் காரம் பத்தல." கூடத்துப் போர்வைக்குள்ளிருந்து அத்தை என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மிளகாய் இருந்தது. தம்பி வாசல்வரை போய்த் திரும்பினார். "அடுத்து எப்ப போடுறீங்கன்னு முன்னாடியே சொல்லிருங்கண்ணே. அன்னைக்கு நான் கரியை அணைக்காம வச்சிருக்கேன்."