ஆறு மா நஞ்சையும் ஒரு ஊஞ்சலும்

"வீட்டை யாரும் விற்கக் கூடாதுன்னு ஒரு வரி போட்டுடுங்க தம்பி. அது போதும்." வக்கீலிடம் அப்பா சொன்ன முதல் பேச்சு இதுதான். வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"ஐயா, முழு உரிமையோட கொடுத்துட்டு விற்காதேன்னு எழுதினா அந்த நிபந்தனை செல்லாது. நாளைக்கு அவங்க வித்தா யாரும் கேட்க முடியாது."

அப்பாவுக்கு 86 வயது. மன்னார்குடி பக்கத்தில் எங்கள் கிராமம். உயில் எழுதலாம் என்று அவராகச் சொன்னதே பெரிய விஷயம். ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனோம், நான்கு மாதம் ஆனது. பத்திரம் தேடுவதில் போனது கொஞ்ச நாள்தான். மீதி முழுக்க அவர் மனசில் இருப்பதைக் காகிதத்துக்குக் கொண்டுவருவதில் போனது.

வீடு அவர் சம்பாதித்துக் கட்டியது, சுயார்ஜிதம். அதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். நிலம் அப்படியில்லை. ஆறு மா நஞ்சை, அதாவது இரண்டு ஏக்கர், 1972இல் சித்தப்பாக்களோடு பாகம் பிரித்தபோது அப்பா பங்குக்கு வந்த பூர்வீகச் சொத்து. அப்பா அதை முழுசாகத் தம்பி பேருக்கு எழுதச் சொன்னார். எனக்குத்தான் நகையும் சீரும் செய்தாயிற்றே என்று அவர் கணக்கு.

வக்கீல் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எப்ப கல்யாணம் ஆச்சு?" என்றார். 1987 என்றேன். 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், அப்போது கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்கு மட்டும்தான் பூர்வீகத்தில் பங்கு கொடுத்தது. அதில் நான் வரவில்லை. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது கல்யாணம் ஆன மகள்களுக்கும் பங்கு வந்தது. அப்பாவுக்கும் எங்களுக்கும் நடுவே அதுவரை பாகம் பிரிக்கவில்லை. ஆகவே அப்பா, தம்பி, நான் மூன்று பேருக்கும் இரண்டிரண்டு மா. அப்பா உயிலில் எழுத முடிந்தது அவருடைய இரண்டு மாவை மட்டும்தான்.

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தம்பி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பங்கு கேட்டு அங்கே போகவில்லை. ஆனால் "எனக்கு வேண்டாம்" என்றும் சொல்லவில்லை, அதை இங்கே மறைப்பானேன். பஸ்ஸில் திரும்பும்போது அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "சட்டம் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா பாப்பா?" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு வரவில்லை. அடுத்த முறை போனபோது தன் இரண்டு மாவை எங்கள் இருவருக்கும் சமமாக எழுதச் சொன்னார்.

வீட்டுக்கு ஒரு வழி கிடைத்தது. அம்மா இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை அம்மாவுக்கு, அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் சமபங்கு. "விற்காதே" என்பதை உயிலிலிருந்து எடுத்துவிட்டு, தனியாக ஒரு கடிதமாக எழுதலாம் என்றார் வக்கீல். சட்டப்படி அதற்கு வலு கிடையாது. ஆனால் அப்பா சொல்ல நினைத்ததெல்லாம் அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. கோடையில் தெருவுக்கே தண்ணீர் கொடுக்கும் கிணற்றைப் பூட்டக் கூடாது. விற்றே ஆகவேண்டும் என்றால் முதலில் அக்கா தம்பிக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊஞ்சல் தம்பிக்கு, பாட்டியின் அஞ்சறைப்பெட்டி எனக்கு. (ஊஞ்சலை நானும் கேட்டேன். என் ஃபிளாட்டில் எங்கே மாட்டுவாய் என்று கேட்டு வாயடைத்துவிட்டார்.)

இரண்டு விஷயங்களை அப்பா உயிலுக்கு விடவே இல்லை. கொல்லைப்புறத்து ஓட்டுவீட்டில் இருபது வருஷமாக இருக்கும், உறவில்லாவிட்டாலும் நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர்தான் அம்மாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிறவர். அவர் இருக்கும் மூன்று சென்ட்டை உயிலில் எழுதினால், நாளைக்கு அவர் எங்கள் தயவில் அலைய வேண்டியிருக்கும். அதனால் இப்போதே தான செட்டில்மெண்ட். குடும்பத்துக்கு வெளியே என்பதால் முத்திரைத்தீர்வை அதிகம்தான். தம்பி முணுமுணுத்தான், அப்பா காதில் வாங்கவில்லை. செட்டில்மெண்ட் எழுதிய உடனேயே சொத்து கைமாறிவிடும், உயிலைப்போல மாற்றி எழுத முடியாது என்று வக்கீல் எச்சரித்தார். "அதுக்குத்தான் தம்பி எழுதறேன்" என்றார் அப்பா.

இன்னொன்று பங்குனி உத்திர மண்டகப்படி. தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுச் செலவு. அதற்குரிய தொகையை அப்பா இப்போதே கோயிலில் கட்டளையாகக் கட்டி ரசீது வாங்கிவிட்டார்.

கண் தானத்தையும் உயிலில் எழுதலாமா என்று கேட்டார். கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், உயிலை யாரும் பிரித்துப் படிப்பது காரியமெல்லாம் முடிந்த பிறகுதானே! அதைப் படிவத்தில் எழுதி, வீட்டில் எல்லாரிடமும் வாயாலும் சொல்லி வைத்தோம்.

வங்கி டெபாசிட்டுகளுக்கு நாமினி தம்பி. நாமினி என்றால் பணம் அவனுக்கே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அவன் பணத்தை வாங்கி, உரிமை உள்ளவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியவன் மட்டுமே. அதையும் உயிலில் தெளிவாக எழுதினோம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. அப்பா கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக் கையெழுத்திட இரண்டு சாட்சிகள் வேண்டும், அவ்வளவுதான். அப்பா தன் சீட்டாட்டக் கூட்டாளியைச் சொன்னார். அவருக்கு 84. பின்னால் வழக்கு வந்தால் சாட்சி கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும், வயது குறைந்தவர்களாகப் பாருங்கள் என்றார் வக்கீல். உயிலில் பங்கில்லாத இரண்டு பேரைப் பிடித்தோம். ஒருவர் தெருமுனை மருந்துக்கடைக்காரர். டாக்டரிடம் அப்பா தெளிவாக இருக்கிறார் என்று சான்றிதழும் வாங்கினோம். டாக்டர் அவரிடம் தேதி கேட்டதற்கு அப்பா பஞ்சாங்கமே சொன்னார்.

கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்தோம். பதிவு அலுவலகத்தில் அப்பாவின் கைரேகை கருவியில் விழவில்லை. ஐம்பது வருஷம் மண்ணிலும் சாணியிலும் தேய்ந்த விரல். ஈரத்துணியால் துடைத்து, வேட்டியில் தேய்த்து, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் இடது கை மோதிரவிரல் பதிந்தது. பதிவான உயில், சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் வராது, அவர் உயிரோடு இருக்கும்வரை வேறு யாருக்கும் நகல் கிடைக்காது என்று கேட்டதும்தான் அவருக்கு நிம்மதி.

உயில் இப்போது பீரோவில், மூலப்பத்திரத்தோடு இருக்கிறது. சாவி எங்கே என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கடிதம் மட்டும் இன்னும் அப்பாவின் தலையணைக்கு அடியில். போன வாரம் போனபோது அதில் புதிதாக ஒரு வரி பார்த்தேன்: ஊஞ்சல் கொக்கிக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் விடவும்.