எதிர்கொள்பாடிக்குப் பிந்திப் போனோம்

போகிக்கு வீட்டை ஒட்டடை அடிக்கும்போது பீரோவின் மேலே பழைய செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று கிடைத்தது. பிரித்தால் சருகாய்க் காய்ந்த மாலை. குப்பைக் கூடையை நோக்கி நான் இரண்டடி வைப்பதற்குள் அத்தை அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தார்.

"அதைப் போட்டுடாதம்மா! அது மணஞ்சேரி மாலை."

என் வீட்டுக்காரர் காலண்டரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தை அவரை வலுக்கட்டாயமாகத் திருமணஞ்சேரிக்கு அழைத்துப் போய்ப் பரிகாரம் செய்திருக்கிறார். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு மணிக்கணக்கில் போனில் பேசியவர் இதை மட்டும் சொல்லவே இல்லை. நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. என் பெட்டியின் அடியில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே, அதே மாதிரி ஒரு பொட்டலம் இருந்தது. 3 வருடத்துக்கு முன் அப்பாவோடு திருநெல்வேலியிலிருந்து இரவு முழுக்கப் பஸ்ஸில் வந்து வாங்கிப் போன மாலை. புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மா மறக்காமல் வைத்து அனுப்பியிருந்தாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வரன் கூடி வராதவர்கள் அங்கே மாலை சாத்தி அர்ச்சனை செய்வார்கள். ஒரு மாலையைத் திருப்பிக் கொடுப்பார்கள். அதை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணமானதும் ஜோடியாக வந்து கோயிலில் சேர்த்துவிட வேண்டும். எங்கள் கல்யாணம் கார்த்திகையில். மார்கழி போய்விட்டது, தலைப்பொங்கலும் போய்விட்டது. ஜனவரி 26 திங்கட்கிழமையாக வந்ததால் சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை. மயிலாடுதுறையிலிருந்து மணஞ்சேரி பைக்கில் போய்வருகிற தூரம்தான். ஒரு காலையில் முடித்துவிடலாம் என்று இருந்தோம்.

மாமா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சாய்வு நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்: "நேரா மணஞ்சேரிக்குப் போறது கல்யாண வீட்டுக்குச் சாப்பாட்டு நேரத்துக்குப் போற மாதிரி. சாமி கல்யாணம் சண்டையில ஆரம்பிச்சுது. அங்கேருந்து வரிசையாப் போங்க. மூணு நாள் இருக்கில்ல?"

சண்டை நடந்த ஊர் தேரழுந்தூர். குத்தாலத்துக்குத் தெற்கே, சம்பா அறுவடைக்குக் காத்திருந்த வயல்களுக்கு நடுவே போகிறது சாலை. சில வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கியிருந்தது. சனிக்கிழமை காலைப் பனி விலகாத நேரம். பைக்கில் அவருக்கும் எனக்கும் நடுவில் அர்ச்சனைப் பை. அது அத்தையின் ஏற்பாடு.

ஈசனும் பெருமாளும் இங்கே சொக்கட்டான் ஆடினார்களாம். நடுவர் அம்பாள். அண்ணன் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஈசனுக்குக் கோபம் வந்து, 'பசுவாகப் போ' என்று சபித்துவிட்டார். தங்கையைத் தனியே விட மனமில்லாமல் பெருமாள் மாடு மேய்ப்பவராகக் கூடவே போனார். அதனால்தான் திருமங்கையாழ்வார் பாடிய இத்தலத்துப் பெருமாளுக்கு ஆமருவியப்பன் என்று பெயர். ஆ என்றால் பசு. அதே ஊரில் சம்பந்தர் பாடிய வேதபுரீஸ்வரர் கோயிலும் இருக்கிறது. சண்டை போட்டவர் ஒரு கோயிலில், துணைக்குப் போனவர் இன்னொரு கோயிலில். கம்பர் பிறந்த ஊரும் இதுதான். கம்பர்மேட்டைக் காட்டாமல் கூட்டி வந்தால் மாமா வீட்டுக்குள் விடமாட்டார் என்று அங்கேயும் போனோம்.

ஆமருவியப்பன் சந்நிதியில் நிற்கும்போது எனக்கு என் தம்பி ஞாபகம். மறுவீட்டுக்கு வந்தவன் போகும்போது, "ஏதாவதுன்னா போன் பண்ணுக்கா" என்று அவர் காதில் விழுகிற மாதிரியே சொல்லிவிட்டுப் போனான். பசுவின் பின்னால் போன அண்ணனைப் பார்த்ததும் அது ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. என்ன என்று அவர் கேட்டார். கற்பூரப் புகை என்றேன்.

அங்கிருந்து திருவாவடுதுறை. பசுவுருவம் நீங்கி அம்பாளுக்கு விடுதலை கிடைத்த இடம் என்பதால் ஸ்வாமி கோமுக்தீஸ்வரர். மாசிலாமணி என்றும் பெயர். நந்தி அத்தனை பெரியது. பக்கத்தில் நிற்கையில் நாம் சின்னப் பிள்ளையாகிவிடுவோம். தந்தையின் வேள்விக்குப் பொருள் வேண்டி 'இடரினும் தளரினும்' பதிகத்தைச் சம்பந்தர் பாடி ஆயிரம் பொன் பெற்றது இங்கேதான். இவ்வூர் ஆதீனத்தின் நாதஸ்வர வித்வானாக இருந்த ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றி மாமா முன்தினமே அரை மணி நேரம் பேசியிருந்தார். பக்கத்து நரசிங்கம்பேட்டையில் செய்கிற நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எங்கள் கல்யாணத்தில் வாசித்தவரும் நரசிங்கம்பேட்டை வாத்தியம்தான் வைத்திருந்தார் என்று இவர் சொன்னார். தாலி கட்டுகிற நேரத்தில் அதையெல்லாமா கவனித்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன்.

ஆனால் என்னை அங்கே பிடித்து நிறுத்தியது திருமூலர் சந்நிதி. கயிலாயத்திலிருந்து வந்த சிவயோகியார், சாத்தனூரில் மூலன் என்ற மேய்ப்பன் இறந்து கிடக்க, அவனைச் சுற்றிப் பசுக்கள் கதறுவதைப் பார்க்கிறார். அவற்றின் துயரம் தாங்காமல் அவன் உடலுக்குள் புகுந்து எழுகிறார். சாயங்காலம் மாடுகள் வீடு திரும்புகின்றன. கணவனைக் காணாமல் மூலனின் மனைவி தேடி வருகிறாள். இவர், உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லிவிடுகிறார். அவள் அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் யோகத்தில் இருக்கிறார், இனி மீட்க முடியாது என்று அவளைத் தேற்றி அழைத்துப் போகிறார்கள். பிறகு யோகியார் அரசமரத்தடியில் அமர்ந்து ஆண்டுக்கொரு பாடலாக மூவாயிரம் பாடினார்.

பள்ளிக்கூடத்தில் படித்த கதைதான். அப்போது பசுக்களை நினைத்தேன். இந்த முறை அந்தப் பெண்ணை நினைத்தேன். அவளுக்குப் பெயர்கூடச் சொல்லவில்லையே. "மாடு அழுததுக்கு மனசு இரங்கினவர், அவ அழுததுக்கு ஏன் இரங்கலை?" என்று கேட்டேன். அவர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. பைக்கைக் கிளப்பும்போது, "அவளுக்காகவும் ஒரு அர்ச்சனை பண்ணியிருக்கலாம்" என்றார். பேர் நட்சத்திரம் தெரியாமல் எப்படிப் பண்ணுவது என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை.

ஞாயிறு குத்தாலம். பழைய பெயர் திருத்துருத்தி. ஆற்றுக்கு நடுவே இருக்கிற திட்டைத்தான் துருத்தி என்பார்கள். ஸ்வாமி உக்தவேதீஸ்வரர். தமிழில் அதைவிட அழகான பெயர்: சொன்னவாறறிவார். விடுதலை பெற்ற அம்பாள் பரத முனிவருக்கு மகளாகப் பிறந்து இங்கே தவம் இருந்தாள். ஈசன் வந்து கையைப் பிடித்தார். அவள், 'இப்படி வரமாட்டேன், என் அப்பாவைக் கேட்டு முறைப்படி கட்டிக்கொள்ளுங்கள்' என்றுவிட்டாள். அப்படியே செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அடையாளமாகப் பாதுகையையும் நிழலாக வந்த உத்தால மரத்தையும் விட்டுவிட்டுப் போனார். உத்தாலம் இருந்த ஊர் குத்தாலமாயிற்று.

இதே ஊருக்குத்தான் சுந்தரரும் வந்தார். உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்குத் திருவொற்றியூரில் சத்தியம் செய்துவிட்டு, அதை மீறிக் கிளம்பியதால் கண்பார்வையை இழந்தவர். காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. உடம்பில் இருந்த நோய் இந்தக் குளத்தில் மூழ்கியதும் தீர்ந்தது. இன்னொரு கண்ணுக்கு ஆரூர் வரை நடக்க வேண்டியிருந்தது. சொன்ன சொல்லைக் காப்பவர் என்று பெயர் வைத்துக்கொண்ட சாமி, மனைவியிடம் சொன்னதைக் காப்பாற்றாதவரைக் குணப்படுத்தி அனுப்பியிருக்கிறார்!

குளக்கரையில் நின்று, "மாசம் ஒரு தடவை திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நிச்சயத்தன்னிக்குச் சொன்னீங்க" என்றேன்.

"ஜனவரி இன்னும் முடியலையே."

"இன்னும் ஆறு நாள்தான்."

"கண்ணு ரெண்டும் எனக்கு வேணும்மா" என்று சொல்லிக்கொண்டே தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார்.

பாலத்தைத் தாண்டினால் காவிரியின் வடகரை. வழக்கமாக 28ஆம் தேதி மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள். அதற்கு முந்தைய கடைசித் தண்ணீர் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் திருவேள்விக்குடி, கல்யாணத்துக்கான வேள்வி நடந்த இடம். அம்பாளுக்குப் பரிமள சுகந்த நாயகி என்று பெயர். நாங்கள் போனபோது எங்களைத் தவிர ஒரு பாட்டி மட்டும் பிராகாரம் சுற்றிக்கொண்டிருந்தார். இந்த இரண்டு ஊரையும் சம்பந்தர் ஒரே பதிகத்தில் சேர்த்துப் பாடியிருக்கிறார். பகலில் துருத்தியில் இருப்பவர் இரவில் வேள்விக்குடியில் தங்குகிறார் என்பது அந்தப் பதிகத்தின் செய்தி. மாமா இதைச் சொன்னபோது, "பகல்ல ஆபீஸ், ராத்திரி மாமனார் வீடு" என்று இவர் பொருள் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கென்னவோ அந்த உரை பிடித்திருந்தது.

திங்கட்கிழமை இரண்டு மாலைகளையும் எடுத்துக்கொண்டோம். வரிசைப்படி முதலில் எதிர்கொள்பாடி. மேலைத் திருமணஞ்சேரி என்றும் சொல்வார்கள். மாப்பிள்ளையாக வந்த ஈசனைப் பரத முனிவர் எதிர்கொண்டு அழைத்த இடம். விடிந்ததும் விடியாததுமாகப் போய் நின்றோம். கதவு பூட்டியிருந்தது. குருக்கள் வருவார் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார், எப்போது என்று சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தோம். எதிரே மணஞ்சேரியை நோக்கி வேன் வேனாகப் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் சேர்ந்துவிடும் என்று பயந்து நாங்களும் கிளம்பிவிட்டோம்.

பயந்தது சரிதான். திருமணஞ்சேரியில் வரிசை வெளியே வரை வந்திருந்தது. ஸ்வாமி உத்வாகநாதர், அம்பாள் கோகிலாம்பாள். எல்லோரும் பார்க்க ஏங்குவது கல்யாணசுந்தரரை. கைத்தலம் பற்றிய கோலம். அம்பாள் வெட்கத்தோடு தலையைச் சாய்த்திருப்பாள். போன முறை வந்தபோது மண்டபத்தில் முன்பின் தெரியாத நூறு பேரோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். பெயரும் நட்சத்திரமும் சொல்லும்போது குரல் எழும்பவில்லை. அப்பாதான் எனக்காக உரக்கச் சொன்னார். இந்த முறை அதே மண்டபத்தை வெளியே இருந்து பார்த்தேன். மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு பெண் சுற்றி வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டில் என்னென்ன பேச்சுக் கேட்டு வந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

காட்டிய இடத்தில் மாலைகளைச் சேர்த்தோம். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தன. எது யாருடையது என்று வைத்த மறுகணமே தெரியவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் கிட்டே வந்தார்.

"பரிகாரம் பண்ணி எத்தனை மாசத்துல தம்பி முடிஞ்சுது?"

இவர் என்னைப் பார்த்தார். ஆறு மாதம் என்று சொல்லிவிடலாம். அவர் சந்தோஷமாகப் போவார். ஆனால் அந்தப் பெண்ணும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ரெண்டு வருஷம் சார். இவங்களுக்கு மூணு."

பெரியவர் முகம் வாடியது. அந்தப் பெண் மட்டும் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

திரும்பி வரும்போது எதிர்கொள்பாடி திறந்திருந்தது. ஐராவதேஸ்வரர், மலர்க்குழல் நாயகி. உள்ளே யாருமில்லை. 'மத்த யானை ஏறி' என்று சுந்தரர் பாடிய பதிகம் இந்த ஊருக்குத்தான். குருக்கள் நிதானமாகத் தீபம் காட்டினார். மணஞ்சேரியை முடித்துக்கொண்டு வருகிறோம் என்றதும், "கல்யாணத்தை முடிச்சுட்டு மாப்பிள்ளை அழைப்புக்கு வந்திருக்கேள்" என்று சிரித்தார்.

எங்களுக்கு இது புதிதல்ல. திருநெல்வேலிக்கு வந்த மாப்பிள்ளை வேன் வழியில் டயர் வெடித்து, நள்ளிரவுக்கு மேல்தான் மண்டபம் வந்து சேர்ந்தது. மேளக்காரர்கள் தூங்கிவிட்டார்கள். ஊர்வலம் இல்லை, கார் அலங்காரம் இல்லை. என் சித்தப்பா மட்டும் ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் சந்தனக் கிண்ணமுமாக வாசலில் நின்றார். அதைப் பற்றி அத்தைக்கு இன்னும் மனக்குறை உண்டு.

பிராகாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவர் திடீரென்று கேட்டார்.

"அன்னிக்கு ராத்திரி வேன்லேருந்து இறங்கறப்ப மாடி ஜன்னல்ல யாரோ நின்னாங்க. லைட் இல்ல. சரியாத் தெரியலை."

நான் விபூதியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க இறங்கினதும் முதல்ல வேட்டியைத்தான் சரி பண்ணினீங்க" என்றேன்.